இதனை எல்லா இடத்திலும் மாற்றுக

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பையை எதுக்கு மடியிலயே வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க, கீழ வைங்க. வைக்க மாட்டீங்களா? சரி, உங்க இஷ்டம்.

போன்ல நீங்க சொன்னது பாதிதான் காதுல விழுந்துச்சு. சந்தனமாரி நாவலைத் திரும்பப் போடப் போறீங்க. அவளுக்குச் சர்க்கரையில ஒரு கண்ணு போயிருச்சு, இன்னொண்ணும் போய்க்கிட்டு இருக்கு. பார்வை இருக்கும்போதே புத்தகத்தைக் கையில வாங்கிப் பாத்துரணும்னு ஆசைப்படுறா. அதுக்கு என்கிட்ட இருந்து ஒரு வரி வேணும். அவ்வளவுதானே? இருபத்திரண்டு வருஷம் கழிச்சு முன்னுரை கேட்டு ஆள் அனுப்பியிருக்கா. புத்தி வந்துருச்சுன்னு அர்த்தம்.

என்ன, முன்னுரை இல்லையா? பின்ன என்ன வரி? சரி சரி, அவசரப்படாதீங்க, அதுக்கு வர்றேன். ஏ சொர்ணம், காபி போடு. மெட்ராஸ்ல இருந்து பதிப்பகத்துப் பொண்ணு வந்திருக்கு. சீனி கம்மியா!

முதல்ல நான் யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கிடணும்ல. திருமலைக்கொழுந்து சார்னா இந்த ஊருல எந்த ஆட்டோக்காரனும் கொண்டாந்து விடுவான். விட்டானா இல்லையா? பாத்தீங்களா! பிசிக்ஸ் வாத்தியாரா பத்தொன்பது வருஷம், தலைமையாசிரியரா பதினோரு வருஷம். கெஜட்டட் ஆபீசர். பச்சை மையிலதான் எழுதுவேன். ரிட்டயர் ஆனதும் சில பேர் சொன்னாங்க, சார் இனிமே நீலத்துக்கு வந்துருங்கன்னு. ஏன் வரணும்? ஆபீஸ்தானே போச்சு, அறிவு போகலைல்ல?

தமிழ்ல வந்த அறிவியல் நாவல் ஒண்ணு விடாம படிச்சவன் நான். மத்தவங்க மாதிரி அட்டையைப் பாத்துட்டு அபிப்பிராயம் சொல்ற ஆள் கிடையாது. ஒரு எழுத்து விட மாட்டேன். கையில பேனாவோடதான் படிப்பேன். தப்பு தெரிஞ்சா அங்கேயே ஓரத்துல திருத்திருவேன். லைப்ரரி புத்தகமா இருந்தா என்ன? அடுத்துப் படிக்கிறவன் தப்பாப் படிச்சுரக் கூடாதுல்ல. லைப்ரேரியன் வந்து கையெடுத்துக் கும்பிட்டான், சார் எழுதாதீங்க சார்னு. நான் சொன்னேன், தம்பி, அந்தத் தப்பை அச்சடிச்சவனைப் போயிக் கும்பிடுன்னு.

எழுத்துங்கிறது என்ன சும்மாவா? எழுபத்தெட்டுல எழுத்துச் சீர்திருத்தம்னு கொண்டாந்தாங்க. ‘னை’க்கும் ‘லை’க்கும் இருந்த தும்பிக்கையை வெட்டி எடுத்துட்டு, முன்னால ஒரு சங்கிலியைப் போட்டு விட்டாங்க. நான் ஒத்துக்கிடலையே. இன்னைக்கு வரைக்கும் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுறேன். இந்தத் தாலுகாவுல அப்படி எழுதுற ஒரே ஆளு நான்தான். வேணும்னா யார்கிட்டயும் கேட்டுப் பாருங்க.

நாவலுக்கு வருவோம். சேலத்துப் பக்கத்துக்காரர் ஒருத்தர், ‘செவ்வாய்ச் சம்மந்தி’ன்னு ஒண்ணு எழுதுனார். மனுஷன் செவ்வாய்ல குடியேறிட்டான், ரெண்டு தலைமுறை ஆச்சு. அங்க ஒரு பையனுக்குப் பொண்ணு பாக்குறாங்க. பொண்ணு வீட்டுக்காரன் சொல்றான், பையனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கு, வேண்டாம்னு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! செவ்வாய்லயே நிக்கிறவனுக்குச் செவ்வாய் தோஷம் எப்படிம்மா வரும்? பூமி தோஷம்ல வரணும்! மூணு பக்கம் லெட்டர் போட்டேன். அந்த ஆளு ஒரு கார்டு எழுதுறார், ‘ஐயா, அது சிரிக்கிறதுக்காக எழுதினது’ன்னு. சிரிக்கிறதுக்கு? அறிவியல்ல என்னம்மா சிரிப்பு? நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

இன்னொருத்தன். ‘திருப்பி வை’ன்னு நாவல். ஒரு பையன் கால யந்திரம் செய்றான். அவங்கப்பா எழுபத்துநாலுல சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் அஞ்சு பத்து பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போது நெஞ்சு வலி வந்து செத்துட்டார். அவரைக் காப்பாத்த இவன் காலத்துல பின்னால போறான். எல்லாரும் படிச்சுட்டு அழுதாங்களாம். எங்க வீட்டுலயும் அழுதா, சொர்ணம்தான். நான் அழுவேனா? எழுபத்துநாலுல சாத்தூர்ல இருந்து அஞ்சு பத்துக்குப் பஸ்ஸே கிடையாது. அஞ்சு நாப்பதுக்குத்தான். அந்த பஸ்ஸுலதான் நான் தெனமும் வேலைக்குப் போயிட்டு வந்தேன், எனக்குத் தெரியாதா? எழுதிப் போட்டேன். அவன் பதில் எழுதுறான், ‘சார், அது என் சொந்த அப்பா. அன்னைக்கு நான் கூட இருந்தேன். எனக்கு ஏழு வயசு. பஸ் வந்துரும் வந்துரும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார்’னு.

இருக்கட்டுமே. அப்பா செத்துட்டாருங்கிறதுக்காக இல்லாத பஸ்ஸு வந்துருமா? அதையே திருப்பி எழுதிப் போட்டேன். அதுக்கப்புறம் அவன்கிட்ட இருந்து லெட்டர் வரலை. விமர்சனத்தைத் தாங்க முடியாதவன் எதுக்கு எழுத வரணும்?

‘எந்திர மருமகள்’னு ஒண்ணு. ரோபோ அழுவுது. மாமியா திட்டுனதுக்கு ரோபோ அடுப்படியில உக்காந்து அழுவுது! துருப்பிடிக்காதான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அதை எழுதுன அம்மா மேடையை விட்டு இறங்கிப் போயிட்டாங்க.

நான் எழுதலையான்னு கேக்கத்தானே வர்றீங்க? யோசிச்சு வெச்சிருக்கேன். முப்பத்தெட்டு வருஷமா யோசிச்சு வெச்சிருக்கேன். தலைப்பு ரெடி. முதல் வரி மட்டும் இன்னும் சரியா அமையலை. தப்பில்லாம எழுதணும்ல? கண்டவன் மாதிரி எழுதிரலாம், எவ்வளவு நேரம் ஆகும்!

காபி எடுத்துக்கோங்க. சூடு ஆறிரும்.

சந்தனமாரி. வர்றேன், அவகிட்டதான் வர்றேன். எங்க ஸ்கூல்ல லேப் அட்டெண்டர் அவ. டெஸ்ட் டியூப் கழுவணும், பியூரெட்டைத் தொடைக்கணும், பிராக்டிகல் அன்னைக்கு எல்லாத்தையும் மேசையில எடுத்து வைக்கணும். பிளஸ் டூ வரைக்கும் படிச்சவ. புருஷன் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறாக்கி வெச்சுட்டு வர்றவ. வந்த வேலையைப் பாத்துட்டுப் போக வேண்டியதுதானே? நாவல் எழுதியிருக்காம்மா. அதுவும் அறிவியல் நாவல்! பசங்க பழைய பிராக்டிகல் பேப்பர் இருக்கும்ல, ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் காலியா, அதைச் சேத்து வெச்சு எழுதியிருக்கா. அரசாங்கக் காகிதம். நான் நெனச்சிருந்தா அன்னைக்கே மெமோ குடுத்திருக்கலாம். குடுக்கலையே. என் மனசு யாருக்கும் தெரியாது.

ஒருநாள் ரூமுக்கு வந்து நின்னா. கையில ஒரு காகிதக் கட்டு. பரீட்சைப் பேப்பர் கட்டுற நூலை வெச்சு அழகாத் தெச்சிருந்தா. ‘சார், நீங்க ஒருவாட்டி பாத்துத் திருத்திக் குடுத்தா போதும் சார்’னா. வாங்கி பீரோவுல வெச்சேன். எட்டு மாசம். அவ வாயைத் திறந்து கேக்க மாட்டா. தெனமும் தண்ணிச் சொம்பு கொண்டாந்து வைப்பா, பீரோவை ஒரு பார்வை பாப்பா, போயிருவா. எனக்கே வேடிக்கையா இருக்கும். வேணும்னே சாவியை எடுத்து மேசையில உருட்டிக்கிட்டு இருப்பேன். அப்பவும் கேக்க மாட்டா.

படிச்சேன்மா, படிக்காம இருப்பேனா? ஒரு எழுத்து விடாம படிச்சுத்தான் குடுத்தேன். எட்டு மாசம் எதுக்கு ஆச்சுங்கிறீங்க?

அப்புறம் அவ எங்கேயோ நகையை வெச்சு சிவகாசியில அச்சடிச்சா. வெளியீட்டு விழா எங்க ஊர் லைப்ரரி ஹால்ல, ஞாயித்துக்கிழமை. விமர்சன உரை யாரு? நான்தான். வேற யாரு இருக்கா? புத்தகத்தைக் கையில குடுத்தாங்க. அட்டையைப் பாத்தேன். ‘முந்நூறு ஒளியாண்டுத் தூக்கம்’.

ஐயோ, எனக்குக் கிடைச்ச மாதிரி யாருக்கும் கிடைச்சிருக்காது! ஒளியாண்டுன்னா என்னம்மா? காலமா? தொலைவு! ஒளி ஒரு வருஷத்துல எவ்வளவு தூரம் போகுமோ அந்தத் தூரம். ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். முந்நூறு ஒளியாண்டு எப்படித் தூங்குறது? ‘நேத்து நீ எத்தனை கிலோமீட்டர் தூங்குன?’ன்னு கேட்டேன். ஹால் குலுங்கிப் போச்சு. ‘எங்க வீட்டுக்காரி மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு பர்லாங் தூங்குவா’ன்னேன். ‘சந்தனமாரி வேலைக்கு வர லேட்டாச்சுன்னா இனிமே கடிகாரத்தைப் பாக்க மாட்டேன், இஞ்ச் டேப் எடுத்து அளப்பேன்’னேன். கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாங்க. நாப்பது நிமிஷம் பேசினேன், அட்டையைத் தாண்டி உள்ள போகவே ஜனங்க விடலை. அவ புருஷன் புதுச் சட்டை போட்டு முன் வரிசையில உக்காந்திருந்தான். சின்ன மகளுக்கு நாலு வயசு இருக்கும், எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு அதுவும் கை தட்டிச் சிரிச்சுச்சு.

கடைசியில ஏற்புரைன்னு அவளைக் கூப்பிட்டாங்க. எல்லாருக்கும் குடுக்கக் கடலை மிட்டாய்த் தட்டைக் கையில வெச்சிருந்தா, அதைக் கீழ வைக்கக்கூடத் தோணலை. அப்படியே மைக் முன்னால வந்து நின்னா. என்னை ஒரு பார்வை பாத்தா. ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நன்றி’ன்னுட்டு இறங்கிட்டா. பாத்தீங்களா, அதுதான் அடக்கம். அந்த ஒரு விஷயத்துல அவளை நான் பாராட்டுவேன். சபையில தப்பை ஒத்துக்கிட்டா பாருங்க.

அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. மறுநாள் லேப் போர்டுல எவனோ எழுதி வெச்சிருந்தான், ‘ஒளியாண்டு அக்கா வாழ்க’ன்னு. அப்புறம் ஸ்கூல் பூரா அதுதான். ‘ஒளியாண்டு அக்கா, பியூரெட் குடுங்க. ஒளியாண்டு அக்கா, ஆசிட் தீந்துருச்சு.’ அவ வீட்டுத் தெருவுலயும் பரவிருச்சு. ரேஷன் கடைக்காரன்கூடக் கூப்பிட்டான். அவ பெரிய மகள் எங்க ஸ்கூல்லதான் ஏழாவது படிச்சா, அவளை ‘ஒளியாண்டு மக’ன்னாங்க. அந்தப் பிள்ளை ஒருநாள் என் ரூம் வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. நான் சொன்னேன், ஏம்மா, எவ்வளவு நல்ல வார்த்தை, மூதேவின்னா கூப்பிட்டாங்கன்னு. கண்டிக்கலாம்தான். ஏன் கண்டிக்கணும்? அந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சையில ஒரு மார்க் கேள்வி வந்துச்சு, ஒளியாண்டு என்பது எதன் அலகுன்னு. எங்க ஸ்கூல்ல ஒருத்தன் தப்பா எழுதலை! நூத்தி எண்பத்தாறு பேரு! ஒருத்தன்! எந்த வாத்தியார் அப்படிச் சொல்லிக் குடுத்தான்?

அதுக்கப்புறம் அவ எழுதுறதை நிறுத்திட்டா. லேப்ல சாப்பாட்டு நேரம் ஓரமா உக்காந்து பழைய பேப்பர்ல எதையாவது எழுதிக்கிட்டே இருப்பா. ரெண்டாவது நாவல்னு யாரோ சொன்னாங்க. அதெல்லாம் நின்னு போச்சு. கழுவுன டெஸ்ட் டியூபையே திரும்பக் கழுவிக்கிட்டு நிப்பா. ஒருநாள் கையில இருந்து பியூரெட் நழுவி உடைஞ்சுச்சு, மெமோ குடுத்தேன். பச்சை மையிலதான். மாத்தல் கேட்டு விளாத்திகுளம் பக்கம் போயிட்டா. தமிழுக்கு ஒரு மோசமான நாவலாசிரியர் குறைஞ்சுது. அதுக்கெல்லாம் யாரு விருது குடுக்கிறா?

இப்பச் சொல்லுங்க. அந்தப் புத்தகத்துக்கு நான் என்ன வரி எழுதணும்?

என்னது அது? ஓ, கையெழுத்துப் பிரதியா. இதையா மடியில பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க? அட, அதே நூல் தையல்! எலி கடிக்கலையா? குடுங்க பாப்போம். குடுங்கம்மா, தின்னுர மாட்டேன். சரி, நீங்களே பிடிச்சுக்கிட்டுக் காட்டுங்க. என் கண்ணாடி எங்க? ஏ சொர்ணம்! வேண்டாம், நெத்தியிலதான் இருக்கு.

ம். முதல் பக்கம். ‘முந்நூறு ஆண்டுத் தூக்கம்’. என்னம்மா இது, தலைப்புல ஒளியைக் காணோம்? அட்டையில இருந்துச்சே. ‘அந்தக் கிரகம் முந்நூறு’... பக்கத்துல ஒரு கூட்டல் குறி போட்டு மேல ‘ஒளி’ன்னு எழுதியிருக்கு. முந்நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருந்தது. ஆமா, சரிதானே? தொலைவுக்கு ஒளியாண்டுதானே போடணும்? யாரு எழுதியிருந்தாலும் சரியாத்தான் எழுதியிருக்கான்.

ஓரத்துல என்ன? ‘இதனை எல்லா இடத்திலும் மாற்றுக.’

பச்சை மை.

இல்ல. இல்லம்மா. பச்சை மை என்ன என் ஒருத்தன்கிட்டயா இருக்கு? பி.டி.ஓ. பச்சையிலதான் எழுதுவான், தாசில்தார் பச்சையிலதான் எழுதுவான். இதுல என் கையெழுத்து எங்க இருக்கு? தேதி எங்க? நான் கையெழுத்தும் தேதியும் போடாம ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன்.

எதை? ‘இதனை’யில ‘னை’யா? தும்பிக்கை. ஆமா, தும்பிக்கை போட்டிருக்கு. அதுக்கு?

அடுத்த பக்கத்தை எதுக்குப் புரட்டுறீங்க? ஒண்ணும் இல்லையே. ஆமா, பச்சை இல்லை. அதுக்கடுத்ததும் இல்லை. எத்தனை பக்கம்? இருநூத்திப் பன்னெண்டா? போதும்மா, புரட்டாதீங்க, காகிதம் கிழிஞ்சுரும். தெரியுது, முதல் பக்கத்துல மட்டும்தான் பச்சை இருக்கு. அதுக்கப்புறம் நீலத்துல ‘ஒளி’, ‘ஒளி’ன்னு கூட்டல் குறி போட்டு எழுதியிருக்கிறது யாரு? அவளா? ‘முந்நூறு ஒளியாண்டு தூங்கினாள்’, ‘இருபது ஒளியாண்டு கழிந்தது’. அறிவு வேண்டாம்? முதல் வரி தூரம், அங்க சரி. ரெண்டாவது வரி காலம். யோசிக்க வேண்டாம்? எல்லா இடத்திலும்னா எல்லா இடத்திலுமா போடுவாங்க?

என்ன சொன்னா?

இன்னொரு தடவை சொல்லுங்க.

அவளுக்கு அப்பவே தெரியுமாமா? ஒளியாண்டுன்னா தூரம்னு? என் கிளாஸ்லயா? லேப்ல டெஸ்ட் டியூப் கழுவும்போது, நான் பக்கத்து ரூம்ல பாடம் நடத்துறதை ஜன்னல் வழியாக் கேட்டு... அந்த பிசிக்ஸை வெச்சுத்தான் நாவலே எழுதினாளா? தெரிஞ்சும் எதுக்கு மாத்தினாளாம்? ‘சார் எழுதிட்டாரே, அதுல ஏதோ பெரிய அர்த்தம் இருக்கும், நமக்குத்தான் புரியலை’ன்னா?

அன்னைக்கு மேடையில நின்னுக்கிட்டு ‘சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்’னா. அது... இதைத்தானா?

சொல்லியிருக்கலாம்ல! வாய் இருக்குல்ல! இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர்கிட்டகூடச் சொல்லலைங்கிறீங்க. புருஷன்கிட்டயுமா? இது என்னம்மா பிடிவாதம்? இது அடக்கம் இல்ல, திமிரு. என்னைக் குத்தவாளி ஆக்கணும்னே கட்டுல கட்டி வெச்சிருந்திருக்கா.

இப்ப அந்த ‘ஒளி’யை எடுக்கணும். அதுக்கு நான் ‘எடுக்கலாம்’னு ஒரு வரி எழுதிக் குடுக்கணும். சார் போடச் சொன்னது, சார் சொன்னாத்தான் எடுக்கணும்கிறாளா? நீங்க எவ்வளவோ சொல்லியும் கேக்கலையா? கண்ணுக்கு எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க? தீபாவளி வரைக்குமா.

முடியாதும்மா.

கோவப்படாதீங்க, நான் சொல்றதைக் கேளுங்க. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ‘ஒளி’யை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? இந்த ஊருல அவளை யாருக்காவது ஞாபகம் இருக்குன்னா அந்த ஒரு தப்புக்குத்தான். ஒளியாண்டு அக்கான்னா இன்னைக்கும் நாலு பேருக்குத் தெரியும். வெறும் சந்தனமாரின்னா யாருக்குத் தெரியும்? தலைப்பை மாத்தாதீங்க. தப்போடவே போடுங்க, விக்கும். நான் வேணும்னா முன்னுரை தர்றேன், அந்த விழாவை வெச்சு நல்ல நகைச்சுவையா எழுதிருவோம்.

இல்லைன்னா கட்டை இங்க வெச்சுட்டுப் போங்க. முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன். எட்டு மாசம் ஆகும். விடுங்க. விடுங்கம்மா, எதுக்கு இழுக்குறீங்க? சரி. நீங்களே வெச்சுக்கோங்க. முதல் பக்கத்தை மட்டும் ஒருவாட்டி காட்டுங்க. இன்னும் என்னென்ன தப்பு இருக்குன்னு பாத்துச் சொல்றேன், அவ பெருசா நல்லா எழுதிட்ட மாதிரிதானே பேசுறீங்க? மேல போட்ட ‘ஒளி’யை விட்டுட்டு, அவ எழுதுனதை மட்டும் படிக்கிறேன்.

‘அந்தக் கிரகம் முந்நூறு ஆண்டுத் தொலைவில் இருந்தது. அவ்வளவு காலமும் தூங்கிக்கொண்டே போக வேண்டும். கப்பலில் ஏற்றுவதற்கு முன் அவளை கேட்டார்கள், எழுந்ததும் உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் யோசித்துச் சொன்னாள். என்னை யாரும் எழுப்ப வேண்டாம். தானாக முழிப்பு வரட்டும். பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட எனக்குத் தானாக முழிப்பு வந்ததில்லை.’

ம்.

‘அவளை கேட்டார்கள்.’ பாத்தீங்களா! ‘அவளைக் கேட்டார்கள்’னு வரணும். இரண்டாம் வேற்றுமை விரி, ஒற்று மிகும். இதுகூடத் தெரியலை. இருங்க, பேனா எங்க, சட்டைப் பையிலதான் இருக்கு. க். இப்ப சரியாயிருச்சு. இதை அன்னைக்கு எப்படி விட்டேன்?

என்னம்மா, எதுக்குப் போட்டோ எடுக்குறீங்க? நான் ஒரு எழுத்துதானே போட்டேன்? ஆமா, பச்சைதான். ஆமா, அந்த ‘மாற்றுக’வுல இருக்கிற ‘க’வும் இதுவும் ஒரே மாதிரிதான் இருக்கு. எல்லா ‘க’வும் ஒரே மாதிரிதான் இருக்கும். கையெழுத்துப் போடலையே நான். தேதி போடலையே! அதைக் கொண்டுபோயி அவகிட்டக் காட்டி, சார் திருத்திக் குடுத்துட்டாருன்னு சொல்லிருவீங்களா? நம்பிருவா அவ.

கிளம்பிட்டீங்களா? காபி அப்படியே இருக்கு. ஆடை கட்டிருச்சு பாருங்க.

என்ன கேட்டீங்க? அவளுக்கு ஏதாவது சொல்லணுமாவா?

என்னத்தச் சொல்ல? சொல்லுங்க... அந்த முதல் பக்கம்... முதல் பக்கம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. அன்னைக்கே, பீரோவுல இருந்து எடுத்துப் படிச்ச அன்னைக்கே தெரியும். தானாக முழிப்பு வந்ததில்லைன்னு படிச்சதும் பேனாவைக் கீழ வெச்சுட்டேன். அதுக்கு மேல படிக்க முடியலை. டெஸ்ட் டியூப் கழுவுறவளுக்கு அப்படி ஒரு முதல் பக்கம் வந்துருச்சே, எனக்கு ஒரு முதல் வரிகூட வரலையேன்னு... அதை விடுங்க. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க.

ஏம்மா, நில்லுங்க. கேட்டைத் திறக்காதீங்க. ஒரு நிமிஷம்.

வேண்டாம். அதைச் சொல்லாதீங்க. மறுபடியும் எழுத ஆரம்பிச்சுருவா.